சந்தேகத்துக்கும் கையெழுத்திட்ட கோதை அக்கா

செய்தி வந்தபோது கருவி ஓடிக்கொண்டிருந்தது. கோதை அக்காவின் கணவர் வரதன் அத்தான்தான் அழைத்தார். "ஜானகி, கோதை போயிட்டாம்மா. விடியுமுன்ன" என்றார். மதுரை மருத்துவமனையிலிருந்து முந்தைய வாரமே அவரை ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள் என்பதும், அப்படி அழைத்து வருவதற்கு என்ன பொருள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் கருவி கல்லுக்குள் பாதரசத்தைச் செலுத்துவது. அழுத்தம் பாதி ஏறியபின் நிறுத்தினால் அந்தக் கல் வீண். அதனால் ஓட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன். பாதியில் விட்டு வந்திருந்தால் அவரே திட்டியிருப்பார் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்வதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டேன் என்பதும் உண்மை.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரோடு வேலை பார்த்தவர்கள். ஆனால் அன்று வாசலில் நின்ற கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவர் என்ன வேலை பார்த்தார் என்றே தெரியாது. மாலையோடு வந்த ஒரு பெரியவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அம்மா பெட்ரோல் பங்குலதான கணக்கு பாத்தாவ?" கோதை அக்கா இருந்திருந்தால் "ஆமாண்ணே, நாளைக்கு வாங்க, ரெண்டு லிட்டர் போட்டு விடுதேன்" என்றிருப்பார். எனக்கு அந்தச் சாமர்த்தியம் வராது. அதனால் இங்கே சொல்கிறேன்.

பூமிக்கு அடியில் எண்ணெயும் எரிவாயுவும் குளம்போலத் தேங்கிக் கிடப்பதில்லை. கல்லுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் கிடக்கின்றன. மேல்நோக்கி ஏறிக்கொண்டே இருப்பது அவற்றின் இயல்பு. ஏறவிடாமல் தடுக்க மேலே ஒரு மூடுபாறை வேண்டும். அது பெரும்பாலும் மிக நெருக்கமான களிப்பாறையாக இருக்கும். துளையிடும் நிறுவனங்கள் அந்த ஆழத்திலிருந்து உருளை உருளையாகக் கல்லை எடுத்து எங்களுக்கு அனுப்பும். அதிலிருந்து விரல் பருமனுக்குத் துண்டுகள் வெட்டி, சுத்தம் செய்து, உலர்த்தி, பாதரசத்தில் அமிழ்த்தி அழுத்துவோம். எந்த அழுத்தத்தில் பாதரசம் கல்லுக்குள் நுழைகிறது என்று பார்த்தால், அந்தப் பாறை தனக்குக் கீழே எவ்வளவு வாயுவைப் பிடித்து வைக்கும் என்று கணக்கிடலாம். முன்பு பேண்டேஜ் துணி நெய்துகொண்டிருந்த ஒரு கொட்டகையில், தறிகளை எடுத்துவிட்டு எங்கள் முதலாளி தொடங்கிய ஆய்வகம் அது. கோதை அக்கா அதன் பொறுப்பாளர். நிலவியல் படித்து, ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் வேலையில் சில காலம் இருந்துவிட்டு, கொட்டகையில் கருவி வந்து இறங்கிய நாளிலேயே வந்து சேர்ந்தவர்.

நான் அங்கே சேர்ந்தது கல்லூரி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு. முதல் வாரம் என் மேசைக்கு வந்த கல்லின் மேல் 'மல்லி' என்று எழுதியிருந்தது. அடுத்ததில் 'மம்சாபுரம்'. இந்த ஊர்களில் யார் எண்ணெய்க் கிணறு தோண்டினார்கள் என்று அவரிடம் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டாக்டரம்மா, பட்டம் வாங்கினது உள்ளூர்லயா, வெளியூர்லயா?" என்றார். பிறகுதான் விளக்கம் கிடைத்தது. பெட்டியைப் பிரிப்பவர் நிறுவனம் ஒட்டிய எண்ணை எடுத்துவிட்டு, நம் சுற்றுவட்டாரத்து ஊர்ப் பெயர் ஒன்றை எழுதி அனுப்புவார். கருவியில் இருப்பவருக்கு அது எந்தக் கிணறு, எந்த ஆழம், நிறுவனம் என்ன விடையை எதிர்பார்க்கிறது என்பது எதுவும் தெரியாது. நான் சோதிக்கும் கல்லுக்கு அவர் பெயர் வைப்பார், அவருடையதற்கு நான். எண்களே போதுமே, ஊர்ப் பெயர் எதற்கு என்று கேட்டேன். "நம்பர் மறந்துபோவும். மம்சாபுரம் ஒழுகுச்சுன்னா ஆயுசுக்கும் மறக்காது" என்றார்.

இதனால் ஒரு மழைக்காலத்தில் வந்த வினை உங்களில் சிலருக்குத் தெரியும். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் இருந்தபடி என்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "மம்சாபுரம் ஒழுகுது. கூமாபட்டி தாங்கும்னு நெனைக்கேன்" என்று அவர் சொன்னதும், பக்கத்து இருக்கையில் இருந்த பெண் பதறிப்போய்க் கேட்டது எனக்கே கேட்டது.

"யக்கா, எங்க ஊரு கண்மாயா ஒழுகுது?"

"இல்லத்தா, இது வேற மம்சாபுரம்."

"வேற மம்சாபுரம் எங்கக்கா இருக்கு?"

"கடலுக்கு அடியில."

அதற்குப் பின் அந்தப் பெண் இருக்கை மாறி உட்கார்ந்துவிட்டாராம்.

அவரோடு இருப்பது எளிதல்ல என்பதையும் எழுதிவிட வேண்டும். பாராட்டிச் சொல்ல அவருக்கு வாயே வராது. தன் டம்ளரை யாராவது எடுத்தால் நாள் முழுவதும் முகம் சரியிருக்காது. எடை பார்க்கும் தராசு இருந்த அறையில், சித்திரை வெயிலிலும் மின்விசிறி போட விடமாட்டார். ஒருமுறை தாங்க முடியாமல் பொத்தானை அழுத்தப் போனேன். "வேர்த்தா தொடச்சுக்க. தராசுக்குத் தொடைக்கத் தெரியாது" என்றார். இருவரும் கைக்குட்டையோடு உட்கார்ந்து எடை எடுத்தோம்.

பாதரசம் தங்கத்தைத் தின்றுவிடும். ஆவி பட்டாலே தங்கத்தில் வெள்ளை படரும். எனவே கருவி ஓடும் நாள்களில் உடம்பில் பொட்டுத் தங்கம் இருக்கக் கூடாது என்பது விதி. மோதிரம், வளையல் பற்றி யாருக்கும் கவலையில்லை. தாலிதான் பிரச்சினை. கோதை அக்கா பெருமாள் கோயிலுக்குத் தலைமுறையாகப் பூக்கட்டிக் கொடுக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். ஆடிப்பூரத் தேருக்கு யாரிடமும் கேட்காமலே விடுப்பு எடுத்துக்கொள்பவர். ஆனால் கருவி நாள் காலையில் தாலிக்கொடியைக் கழற்றிச் சாமி படத்தடியில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்.

ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அவருடைய மாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, நீயும் அங்கதான வேலை பாக்க. எந்த ஊரு ஆபீஸ்லம்மா தாலியக் கழத்தச் சொல்லுதான்?"

நான் வேதியியல் சொல்லத் தொடங்குமுன் அடுக்களையிலிருந்து பதில் வந்தது. "பாதரசம் தங்கத்தத் தின்னுரும் அத்தை. நம்பலன்னா ஒங்க வளையல ஒருநா குடுத்தனுப்புங்க, காட்டுதேன்."

"இவளுக்குக் குடுத்தா கையும் சேந்து போயிரும்" என்று மாமியார் தன் வளையல்களை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு கருவி நாள்களில் மஞ்சள் கிழங்கைத் தேடித் தயாராக எடுத்து வைத்தது அந்த அம்மாள்தான் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

எனக்குக் கோயிலில் நம்பிக்கையில்லை. அது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் என்னோடு வாதிட்டதே இல்லை. ஒரு முறை நான்தான் கேட்டேன்: கல் விஷயத்தில் ஒரு எண்ணைக் கூட மூன்று தரம் பார்க்காமல் ஏற்காதவர், சாமி விஷயத்தில் மட்டும் எப்படி ஒன்றும் கேட்காமல் இருக்கிறீர்கள் என்று. அவர் கோபப்படவில்லை. "நம்புறதுக்கு ஒரு இடம் வச்சிருக்கேன். எல்லாம் அங்கனயே செலவாயிருது. மெஷினுக்கு மிச்சம் இல்ல" என்றார்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நான் சேர்ந்து இரண்டாம் ஆண்டு நடந்தது.

கடலில் துளையிடும் ஒரு பெரிய நிறுவனம் எங்களுக்கு நீளமான களிப்பாறைக் கல்லை அனுப்பியிருந்தது. அடுத்த கிணற்றை எங்கே தோண்டுவது என்பது அந்த மூடுபாறை தாங்குமா என்பதைப் பொறுத்திருந்தது. எங்களுக்கும் அது பெரிய வேலை. திருப்தியாக முடித்துக் கொடுத்தால் அடுத்த ஆண்டு வேலை முழுவதும் எங்களுக்கே என்று பேச்சிருந்தது. சோதனையைக் கோதை அக்காவே செய்தார். வெட்டிய துண்டுகள் எல்லாமே நன்றாகத் தாங்கின. அவர் கையெழுத்திட்ட அறிக்கை நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முதலாளி அன்று எல்லோருக்கும் வடை வாங்கித் தந்தார்.

சில நாள் கழித்து, கல் வெட்டும் கண்ணன் தன் இடத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். மூலையில் ஒரு வாளி நிறையச் சில்லுகள். என்ன என்று கேட்டேன். "அந்தக் கடல் கல்லுதான்க்கா. வெட்டுறப்பவே பொடிஞ்சிருச்சு. எண்ணெய் விட்டுத்தான் வெட்டுனேன், இருந்தும் நிக்கல" என்றார். களிப்பாறையில் தண்ணீர் பட்டால் ஊறிவிடும், அதனால் எண்ணெய் விட்டு வெட்டுவோம். அப்படியும் சில உடையும். அதில் புதிதாக ஒன்றுமில்லை.

ஆனால் எனக்கு ஒரு எண்ணம் தோன்றி, போக மறுத்தது. வெட்டும்போது உடையாமல் நின்ற துண்டுகளைத்தானே சோதித்திருக்கிறோம்? உடைந்தவை பலவீனமான அடுக்குகளிலிருந்து வந்தவையாக இருந்தால்? அப்படியானால் பாறையில் உறுதியான இடங்களை மட்டும் பொறுக்கி எடுத்து, பாறை முழுவதும் உறுதி என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். இது எங்கள் தொழிலில் எளிதாக நேரக்கூடிய பிழை. யாரும் பொய் சொல்லவில்லை. வெட்டும் சக்கரமே தேர்ந்தெடுத்துவிட்டது.

சொல்வதா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அறிக்கை போய்விட்டது. கையெழுத்து கோதை அக்காவுடையது. நான் புதியவள். என் ஊகம் தவறாக இருக்கவும் இடம் உண்டு. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் சொன்னேன். அவர் தயிர்ச்சோற்றைப் பிசைந்த கையை எடுக்காமல் கேட்டார். நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: "ஒடஞ்சது என்ன சொல்லுதுன்னு நாம கேக்கவே இல்ல, அப்படித்தான?"

ஆமாம் என்றேன்.

கை கழுவிவிட்டு நேராகப் போய் நிறுவனத்துக்குப் போன் செய்தார். அறிக்கையை நிறுத்தி வைக்கும்படியும், சில்லுகளையும் சோதித்துவிட்டுத் திருத்தி அனுப்புவதாகவும் சொன்னார். மறுமுனையில் இருந்தவர் குரலை உயர்த்துவது எனக்குக் கேட்டது. அக்கா, "ஆமா சார். போட்ட கையெழுத்த நான்தான் திரும்ப எடுக்கேன்" என்றார்.

சில்லுகளைச் சோதிப்பது சிக்கலான வேலை. சில்லுகளுக்கு இடையே உள்ள இடைவெளியைப் பாதரசம் முதலில் நிரப்பும். அதைக் கல்லுக்குள் நுழைந்ததாக எண்ணிவிடக் கூடாது. வெவ்வேறு அளவில் சலித்து, திரும்பத் திரும்ப ஓட்டினோம். வாரக்கணக்கில் அக்கா மஞ்சள் கிழங்கோடே வந்து போனார். நிறுவனத்திலிருந்து நாள்தோறும் கேட்டார்கள். முதலாளி வாசலுக்கும் கருவி அறைக்குமாக நடந்தார்.

கடைசியில் வந்த விடை இதுதான்: சில்லுகளும் தாங்கின. முழுத் துண்டுகள் எவ்வளவு தாங்கினவோ அவ்வளவே. கல் உடைந்தது சக்கரத்தின் அதிர்வால். பாறையில் குறையில்லை. முதல் அறிக்கையில் ஒரு எழுத்தைக் கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. என் சந்தேகம் தவறு.

திருத்தம் எதுவுமில்லாத திருத்திய அறிக்கை போயிற்று. நிறுவனம் இரண்டு வரியில் நன்றி சொல்லிவிட்டு, அடுத்த ஆண்டு வேலையை வேறு ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டது. தன் அறிக்கையைத் தானே நம்பாத இடம் என்று அவர்கள் நினைத்ததில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

முதலாளி அக்காவையும் என்னையும் கண்ணனையும் கூப்பிட்டார். நல்ல மனிதர். அன்று தலையில் அடித்துக்கொண்டு "ஏமி கர்மரா இதி" என்று தெலுங்கில் தலைவிதியை நொந்துகொள்ளத் தொடங்கிவிட்டுத் தமிழுக்கு வந்தார். "ஒண்ணும் இல்லாததுக்கு ஒரு வருஷ வேலை போச்சு. நல்லா இருந்த கல்லு மேல யாருக்கும்மா சந்தேகம் வந்துச்சு? யாரு கிளப்பிவிட்டது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா சொல்லிவிட்டார். "ரிப்போர்ட்ல என் கையெழுத்து. சந்தேகமும் என்னோடதுதான்."

"ஒனக்கு எப்படிம்மா வந்துச்சு? நீதான அந்த ரிப்போர்ட்ட எழுதுன?"

"எழுதுனவளுக்கு வரக் கூடாதா? நல்ல கேள்விதான் மொதலாளி. பதிலும் நமக்குச் சாதகமாத்தான் வந்துச்சு. ஆளு மட்டும் போயிட்டான்."

முதலாளி கண்ணனைப் பார்த்தார். வாளியைப் பார்த்து நான் விசாரித்தது கண்ணனுக்குத் தெரியும். அந்த ஆண்டு தீபாவளிக்கு ஒன்றும் கிடைக்காது என்பதும் அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்ததும் நான் சண்டையே போட்டேன். என் சந்தேகத்தை நீங்கள் ஏன் எடுத்துக்கொண்டீர்கள், நானே சொல்லியிருப்பேனே, எனக்கு யாருடைய தயவும் வேண்டாம் என்றேன். கல்லூரியில் என் கருத்தைத் தம் பெயரில் எழுதிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தவறாகிப்போன கருத்தைத் தன் பெயரில் எழுதிக்கொண்டவரை எப்படி எதிர்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதுவும் கோபமாகத்தான் வந்தது.

அவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டே சொன்னார்: "ஏட்டி, தயவும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. நீ அங்க ஒத்துக்கிட்டிருந்தா அவரு ரெண்டு ஏச்சு ஏசுவாரு. அடுத்த தடவ ஒனக்கு ஒண்ணு தோணும், இது சரியா இருக்குமோ இருக்காதோன்னு வாய மூடிக்கிடுவ. அப்ப கல்லு உண்மையிலேயே ஒழுகும். யாருக்கு நட்டம்? எனக்குத்தான. கையெழுத்துப் போடுறவ நான்."

போய்விட்டார். அந்த நிறுவனம் பிறகு திரும்பி வரவேயில்லை. அப்படியொரு நல்ல திருப்பம் இதில் கிடையாது. அடுத்த இரண்டு ஆண்டுகள் சின்னச் சின்ன வேலைகளில் தள்ளினோம். கருவிக்கு உதிரிப் பாகம் கேட்கக்கூட முதலாளியிடம் தயங்கினோம். அந்த இரண்டு ஆண்டிலும் சரி, அதற்குப் பின்னும் சரி, 'அன்னைக்கு நீ சொன்னதால' என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. கண்ணன் மட்டும் ஒரு தடவை விளையாட்டாக, "ஜானகியக்கா புண்ணியத்துல இந்தத் தீபாவளியும் பழைய சட்டதான்" என்றார். கோதை அக்கா நிமிராமலே, "ஒம்ம ஒடம்புக்குப் புதுசு போட்டாலும் பழசு மாதிரிதாம்ய்யா இருக்கும், விடும்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நான் தொடர்ந்து சந்தேகப்பட்டேன். பெரும்பாலும் தவறாகத்தான் இருக்கும். சில தடவை சரியாக இருந்தது. அதில் ஒரு தடவை, தாங்கும் என்று எழுதவிருந்த பாறை உண்மையிலேயே ஒழுகியது. அன்றும் அவர் பாராட்டவில்லை. "ம்" என்றார். தவறாகப் போன நாள்களிலும் அதே "ம்" தான். இரண்டுக்கும் இடையே அவர் குரலில் வேறுபாடு இருக்கிறதா என்று பல ஆண்டுகள் கூர்ந்து கவனித்திருக்கிறேன். இல்லை.

அவர் நோய்வாய்ப்பட்டபின் பொறுப்பு என் கைக்கு வந்தது. கடைசியாகப் போய்ப் பார்த்தபோது கல்லைப் பற்றித்தான் பேசினோம். இப்போது கல்லுக்குப் பெயர் வைப்பது யார் என்று கேட்டார். கண்ணன் என்றேன். "அவன் சினிமாக்காரி பேரா வைப்பான், பாத்துக்க" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். நன்றி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் "ம்" என்றுதான் வந்திருக்கும்.

காரியங்கள் முடிந்த மறுவாரம் ஒரு அறிக்கை அனுப்பத் தயாராக இருந்தது. நான் பேனாவை எடுத்திருந்தேன். கண்ணன் கதவோரம் வந்து நின்றார். அந்தக் கற்களை வெட்டிய நாளில்தான் புது எண்ணெய் மாற்றியதாகவும், அது சரியாகக் கழுவப்பட்டிருக்குமா என்று தனக்கு உறுதியாகத் தெரியவில்லை என்றும் சொன்னார். "ஒண்ணும் இருக்காதுக்கா. ஆனா சொல்லாம இருக்க முடியல" என்றார். இத்தனை ஆண்டுகளில் ஒரு சோதனையைப் பற்றி அவராக என்னிடம் வந்து வாய் திறந்தது அதுவே முதல் தடவை.

பேனாவை மூடினேன். கற்களை மறுபடி கழுவி, உலர்த்தி, ஓட்டினோம். ஒன்றுமில்லை. அறிக்கை நாலு நாள் தாமதமாகப் போனது. முதலாளி காரணம் கேட்டார். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது என்றேன்.

கண்ணன் சங்கடத்தோடு நின்றார். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல எனக்கு இருந்தது. வந்தது "ம்" மட்டும்தான். கோதை அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அது. நேற்றுக் காலை கண்ணன் மறுபடி கதவோரம் வந்தார்.